ஆள் கிடைக்கவில்லை என்று எழுதினேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் பார்த்தேன். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். ஒரு கட்டத்தில் இடுப்பு விட்டுப்போனது. உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் ராயபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த கலெக்‌ஷன் ஆபீஸில் போய்ச் சேர்ந்தேன்.

எட்டு மேசை, எட்டு போன். கடன் கொடுத்த கம்பெனிகள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பழைய கணக்குகளை எங்கள் ஆபீஸுக்குத் தள்ளிவிடும். வசூலாவதில் ஒரு பங்கு ஆபீஸுக்கு. மற்ற ஏழு பெண்களும் பேசி வசூலிப்பார்கள். எனக்குக் கொடுத்தது அதற்கு முந்தைய வேலை. வீட்டைக் காலி செய்து, போன் நம்பரை மாற்றி, எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போனவர்களை நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிர்பார்த்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை. கடன் வாங்கும்போது எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தாள் ஃபைலில் இருக்கும். அதில் வாடகை வீட்டின் சொந்தக்காரர் பேர், வேலை பார்த்த கம்பெனி, தெரிந்தவர்கள் என்று இரண்டு பேருடைய நம்பர் எல்லாம் இருக்கும். கடன்காரருடைய நம்பர் செத்திருக்கும். தெரிந்தவர்களுடைய நம்பர் அப்படியே வேலை செய்யும். அங்கே ஆரம்பித்து ஒவ்வொரு ஆளாகப் போக வேண்டும். பழைய தெருவில் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு நம்பர் கிடைத்து, அது அவருடையதுதானா என்று சந்தேகமாக இருந்தால், பணம் அனுப்புகிற ஆப்பில் அந்த நம்பரைப் போட்டாலே போதும். பேங்கில் இருக்கிற பெயர் இனிஷியலோடு வந்து நிற்கும். பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நான் போன் செய்ததில்லை. செய்யச் சொன்னார்கள். செய்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

கடன் என்ற வார்த்தையைக் கடன் வாங்கியவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். “ஒரு பார்சல் வந்திருக்குதுங்க. அட்ரஸ் சரியில்லைங்க. இப்ப எங்க இருக்கறாங்கன்னு சொன்னீங்கன்னா அனுப்பிருவோமுங்க.” பத்துப் பேரில் ஏழு பேர் சொல்லிவிடுவார்கள். பார்சல் என்றால் மனிதர்களுக்கு ஒரு சந்தோஷம்.

மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். “நீங்க இழுத்து இழுத்து மரியாதையாப் பேசறதக் கேட்டா யாருக்கும்மா போனை வைக்க மனசு வரும்?” என்பார். எனக்குச் சொந்த ஊர் குண்டடத்துக்குப் பக்கம். அங்கே நாய்க்குச் சோறு வைத்தால்கூட ‘சாப்புடுங்க’ என்போம். அந்தப் பேச்சுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது.

நான் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஒரே ரூம், கழிப்பறை பொது. கல்யாணம் முறிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் அண்ணன் மட்டும்தான். கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணத்தை முறித்துக்கொண்டவள் என்று அண்ணன் என்னை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நானும் போவதை நிறுத்திவிட்டேன். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பேச்சு குறைந்து குறைந்து ஒரு பொங்கலுக்கு நின்றுபோனது.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேரிடம் பேசுவேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பூட்டினால் திங்கட்கிழமை காலை வரைக்கும் பேசுவதற்கு ஆள் இல்லை. பக்கத்து ரூம்களில் பீகார்ப் பையன்கள் ஷிஃப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பார்த்தால் தலையாட்டுவார்கள். திங்கட்கிழமை முதல் போனில் என் குரல் கம்மிப்போய்த்தான் வரும். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டால்தான் சரியாகும். அது சளி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பங்குனி மாதம் அந்த ஃபைல் என்னிடம் வந்தது. அவர் மண்ணரையில் பவர் டேபிள் வைத்திருந்தவர். பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டின துணியை வாங்கிவந்து தைத்துக் கொடுக்கிற சின்னப் பட்டறைக்குத் திருப்பூரில் அதுதான் பேர். மெஷின் வாங்கக் கடன் வாங்கியிருக்கிறார். தைத்துக் கொடுத்த ஒரு ஆர்டர் முழுக்கத் திரும்பி வந்ததும் தவணை நின்றுபோயிருக்கிறது. மெஷின்களை எடுத்துக்கொண்டு போயும் பாக்கி அடையவில்லை. ஆள் காணாமல் போய் ஏழு வருஷம். ஃபைலில் ஒட்டியிருந்த போட்டோவில் நீலச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, யாரோ கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிக்க வைத்த மாதிரி இருந்தார்.

பட்டறை இருந்த இடம் என் ரூமிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஷெட்டைத் தடுத்து ரூம் ரூமாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் போட்டோவைக் காட்டினேன். “மாலூம் நஹீ, தீதி” என்றாள், தெரியாது அக்கா என்று இந்தியில். ஷெட்டுக்குச் சொந்தக்காரர் அடுத்த வீட்டில்தான் இருந்தார்.

“ஒரு ஞாயித்துக்கிழமை மெஷினெல்லாம் தூக்கிட்டுப் போனாங்க” என்றார். “திங்கக்கிழமை காத்தால வந்து பாத்தா ஆளக் காணோமுங்க. செவுத்துல முருகன் படம் அப்படியே மாட்டியிருந்துச்சு. எடுத்துட்டுப் போவாருன்னு நாலு மாசம் பாத்தேன். அப்பறம் நானே எங்க ஊட்டுல மாட்டிட்டனுங்க.”

தெரிந்தவர்கள் என்று அவர் எழுதியிருந்த இரண்டு பேரில் ஒருவர் நூல் கடைக்காரர். “எனக்கும்தான் தரோணும். கண்டுபுடிச்சீங்கன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இன்னொருவர் அவருடைய அக்கா.

பல்லடத்துக்குப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். நான் என் பார்சல் கதையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“அவனுக்கு ஆரு அம்மிணி பார்சல் அனுப்பப் போறாங்க” என்றார். “கடங்காரங்கதான? பரவால்ல, சொல்லு.”

பேனாவை மூடி ஃபைல் மேல் வைத்தேன்.

“எங்க இருக்கறான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லுவனான்னு கேட்டா அதும் தெரியாது. நீ சாப்ட்டியா?”

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. இன்னும் இல்லீங்க என்றேன். கம்ப்யூட்டரில் ‘முப்பது நாள் கழித்து மறுபடி பேசவும்’ என்று போட்டு அடுத்த ஃபைலுக்குப் போனேன்.

முப்பதாம் நாள் திரையில் அந்த நம்பர் வந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அந்த அக்கா என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். “மாசம் ஒண்ணு ஆயிப்போச்சா அதுக்குள்ள?” என்றார். தம்பியைப் பற்றிச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் தம்பியைப் பற்றிப் பேச்சு இருந்தது. அவனுக்குக் கொள்ளுப் பருப்பு என்றால் உயிர் என்றார். சின்ன வயதில் தறி ஓட்டப் பிடிக்காமல் திருப்பூருக்கு ஓடி, தைத்த துணியை மடித்து நூல் வெட்டுகிற எடுபிடி வேலையிலிருந்து டெய்லராகி, பிறகு முதலாளி ஆனவன் என்றார். முதலாளி என்று சொல்லும்போது இன்னும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

அவருக்கும் வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்காரர் இறந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்து, ஒருத்தி கரூரிலும் ஒருத்தி சேலத்திலும் இருந்தார்கள். “அவனப் பத்தி ஊருக்குள்ள ஆரும் வாயத் தெறக்கறதில்ல அம்மிணி” என்று மூன்றாவது மாதம் சொன்னார். “பேசுனா நான் வருத்தப்படுவேன்னு பேசாம இருக்கறாங்க. மாசத்துல ஒருக்கா நீதான் அவன் பேரச் சொல்லிக் கேக்கற.”

எங்கள் ஆபீஸில் போன் பேச்சு எல்லாம் பதிவாகும். மேனேஜர் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். “அந்தப் பல்லடம் நம்பர்ல இருபது நிமிஷம் பேசியிருக்கீங்க. ஏதாச்சும் வருதா?”

“வரும்போல இருக்குதுங்க சார்.”

“வந்தாச் சரி” என்று போய்விட்டார்.

நான் பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த வேலையில் எனக்கு இருந்த ஒரே உறவை வேலை என்ற பேரில் வைத்திருந்தேன் என்றுதான் தோன்றுகிறது. ஒவ்வொரு மாதமும் நான் பார்த்தது, சமைத்தது என்று அவரிடம் சொல்வதற்கு ஒன்றிரண்டு எடுத்துவைத்திருப்பேன்.

நான்காவது மாதம் அவராகவே ஆரம்பித்தார். தம்பி பட்டறைக்காக இவரிடமிருந்து நகையை வாங்கி அடகு வைத்ததையும், பட்டறை போனபோது நகையும் ஏலத்தில் போனதையும் சொன்னார். செய்தி தெரிந்த அன்று தம்பி வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

“என்ற ஊட்டு வாசப்படிய இனி மிதிக்காதேன்னு சொல்லிப்போட்டேன். எங்கம்மா உள்ளதான் படுத்திருந்துச்சு. வந்தவன் சரிங்க்கான்னு திலும்பிப் போனான். அவ்வளவுதான். ரெண்டு வருசம் கழிச்சு அம்மா செத்துப்போச்சு. சொல்லி அனுப்பறதுக்கு எடம் தெரியல. ஆரோ சொல்லி அவனுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும். வரல. நான் சொன்ன சொல்லுக்கு வராம இருந்துட்டான்.”

அழவில்லை. மாட்டுக்குத் தண்ணி வைக்கணும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஐந்தாவது மாதம்தான் ரசீது விஷயம் வந்தது. இரண்டு வருஷமாக, அவர்கள் அம்மா இறந்த திதியை ஒட்டி, ஒரு முருகன் கோயிலிலிருந்து தபாலில் விபூதியும் அன்னதான ரசீதும் வருகிறது என்றார். ரசீதில் அம்மா பெயர்தான் இருக்கிறதாம். கட்டியவர் பெயர் இல்லை. மூலையில் கட்டியவருடைய போன் நம்பர் மட்டும் அச்சாகியிருக்கிறது.

“நீங்க கூப்புட்டுப் பாக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமா சாமி ரூம்ல வெச்சிருக்கறேன். கூப்புட்டு, நீதான வராதேன்னு சொன்னேன்னு அவன் கேட்டுட்டா நான் என்ன அம்மிணி சொல்றது?”

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவராகவே கொடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாட்கள் உண்டு. அது உண்மை இல்லை. நான்தான் கேட்டேன். “அந்த நம்பரப் படிங்க்கா” என்றேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். படித்து முடித்ததும், “நீ வேலைக்குத்தான கேட்ட?” என்றார். நான் பதில் சொல்வதற்குள், “பரவால்ல, எழுதிக்க” என்றார்.

ஆப்பில் போட்டுப் பார்த்தேன். அவர் பெயர், இனிஷியலோடு வந்து நின்றது. வழக்கமாக அப்படி ஒரு பெயர் வந்து நிற்கும்போது உள்ளே ஒரு துள்ளல் வரும். ஐந்து மாதமாகத் தேடிய ஆள். அன்று வரவில்லை. நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுமந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், ஆபீஸ் படிக்கட்டில் நின்று, என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம்.

“ஆருங்க?”

வேறு எதுவும் வாயில் வரவில்லை. பழகின பொய்தான் வந்தது. “பார்சல் ஒண்ணு வந்திருக்குதுங்ணா.”

“எனக்குங்களா?” மெஷின் சத்தம் நின்றது. “ஆரு அனுப்பிச்சிருக்கறாங்க?”

“பேரு அழிஞ்சிருக்குதுங்க.”

“பல்லடத்துலிருந்துங்களா?”

நான் ‘உம்’ என்று சொன்னேனா, சும்மா இருந்தேனா என்று இப்போது நினைவில்லை. அவர் தன்னுடைய முகவரியை நிதானமாக, வழி அடையாளத்தோடு சொன்னார். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும். ஏழு வருஷமாக யாருக்கும் சொல்லாத இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பஸ் ஏறினேன். குண்டடம் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் ஊருக்குப் பிரிகிற ரோட்டில் பஸ் நின்றது. முருங்கைக்கீரைக் கட்டோடு ஒரு அம்மா இறங்கினாள். நான் இறங்குவேன் என்று நினைத்தோ என்னவோ கண்டக்டர் என்னைப் பார்த்தார். முன்பெல்லாம் அங்கேதான் இறங்குவேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் இருந்தது பனியன் வேஸ்ட் குடோனில். கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை லாரியில் கொண்டுவந்து கொட்டி, வெள்ளை தனியாக, கலர் தனியாகப் பிரிக்கிற இடம். கூரை உயரத்துக்குக் குவியல்கள். அவர் அங்கேயே தங்கி, பிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு, காவலும் இருந்தார். போட்டோவிலிருந்த முகம்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் கையைப் பார்த்தார்.

“பார்சலு?”

“பார்சல் இல்லீங்ணா. நான் கலெக்‌ஷன் ஆபீஸுங்க.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். உள்ளே போய் டம்ளரில் டீ கொண்டுவந்தார். பிறகு எதிரில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, “எங்க கையெழுத்துப் போடோணும், சொல்லுங்க” என்றார்.

எங்களைப் போன்றவர்கள் வெளியே போகும்போது மேனேஜர் கைப்பையில் ஒரு தாளை வைத்து அனுப்புவார். ‘பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், கட்டித் தருகிறேன்’ என்று அச்சடித்தது. இத்தனை பழைய கடனுக்குக் கோர்ட்டில் கேஸ் போட முடியாது, காலம் கடந்துவிட்டது என்பது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கியவர்களுக்குத்தான் தெரியாது. ஆனால் அவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் செத்த கடனுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். என் வேலையே கடைசியில் அந்தக் கையெழுத்துக்குத்தான். அன்றைக்கும் அந்தத் தாள் என் பையில் இருந்தது.

“எங்கயும் போடாதீங்ணா” என்றேன். “நான் வந்தாலும் சரி, வேற ஆரு வந்து கேட்டாலும் சரி, எழுதி மட்டும் குடுத்தராதீங்க.”

“அப்ப எதுக்குங்க இத்தன தொலவு வந்தீங்க?”

“உங்கக்கா உங்களப் பத்தி அஞ்சு மாசமா எங்கிட்டப் பேசிட்டிருக்குதுங்க.”

அவர் குனிந்தார். கீழே கிடந்த ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாதவர் மாதிரி கையில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அன்று சொன்ன சொல்லை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அம்மா சாவுக்கு அவர் வராததைச் சொன்னேன்.

“வந்தனுங்க” என்றார். “ஊட்டுக்குத்தான் வரல. ரோட்டுல பஸ் ஸ்டாப்புக்கிட்டப் புளியமரம் ஒண்ணு இருக்குமுங்க. எடுக்கற வரைக்கும் அங்கதான் நின்னேன். வாசப்படிய மிதிக்காதேன்னு சொல்லிருக்குது. மீறிப் போயி, அத்தன சனத்துக்கு முன்னால அக்கா ஏதாச்சும் சொல்லி, அம்மா பொணத்த வெச்சுட்டுச் சண்டை வேண்டாம்னு நின்னுட்டனுங்க.”

புறப்படும்போது என் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் கூடவே ரோடு வரைக்கும் வந்தார். “நான் இங்க இருக்கறது அக்காளுக்குச் சொல்லீராதீங்க. இந்தக் கோலத்துல பாக்க வேண்டாம்” என்றார். இடத்தைச் சொல்ல மாட்டேன் என்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர் கூடவே நின்றார்.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார். “எம்மா, அந்தப் பவர் டேபிள்காரன் என்ன ஆனான்?”

“கெடைக்கலீங்க சார்.”

“அஞ்சு மாசம் ஆச்சு. எழுதி முடிச்சு விட்ருங்க.”

‘ஆள் கிடைக்கவில்லை’ என்று எழுதினேன். அந்த வேலையில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. பள்ளிக்கூட விஷயத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஃபைல் மூடியது. அதோடு பல்லடம் நம்பரும் என் திரையிலிருந்து போய்விட்டது. அது அப்படிப் போகும் என்று எழுதுகிறபோது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானமே மறுபடி படிக்கட்டுக்குப் போய் அந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

“பாத்தனுங்க்கா. நல்லாத்தான் இருக்கறாருங்க. வேலை இருக்குது. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. எடத்த மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கறாருங்க.”

“சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?”

“அவரே பொங்கிக்கறாருங்க.”

பிறகு புளியமரத்தைச் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, “அக்கா?” என்றேன்.

“பஸ் ஸ்டாப்புக்கிட்ட இருக்கற புளியமரமா?”

“ஆமாங்க.”

“அங்கிருந்து பாத்தா பாடை போறது தெரியும்” என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, “தெரிஞ்சிருக்கும். கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றார். அப்போதுதான் அவர் அழுவதை முதல்முதலாகக் கேட்டேன். நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“நம்பருதான் எங்கிட்ட இருக்குதல்ல அம்மிணி” என்றார் கடைசியில். “நானே பேசிக்கறேன்.”

அடுத்த முப்பது நாள் ஆனபோது எனக்குத் தெரிந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாமலே தெரிந்தது. அந்த வாரம் சாணிக்காயிதக் கலரில், பழுப்பாக ஒரு பூனைக்குட்டி எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடக் காரணம் எதுவும் இல்லை. கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தார். அக்கா வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னார்.

“அக்காதானுங்க கூப்புட்டுச்சு. மொதல்ல எடுக்கவே இல்ல. நாலு நாளு தொடர்ந்து கூப்புட்டுச்சு. அஞ்சாம் நாளு எடுத்தேன். ‘கொள்ளு வறுத்து வெச்சிருக்கறேன், எப்ப வர்ற’ன்னு மட்டும் கேட்டுச்சு.”

“போனீங்களா?”

“வாசல்ல நின்னனுங்க. படிய மிதிக்கக் காலு வரல. அக்கா வந்து கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போச்சு. சாப்புட்டேன். நகையப் பத்தி அதும் பேசல, நானும் பேசல. மாசாமாசம் கொஞ்சம் குடுத்தர்றேன்னு சொன்னேன். அதெல்லாம் வெச்சுக்கன்னுடுச்சு. ஆனாலும் குடுப்பனுங்க.” பிறகு, “அக்கா உங்களக் கேட்டுச்சு. பேரு கேட்டுச்சு. எனக்குத் தெரியலீங்களே” என்றார்.

பெயரைச் சொன்னேன். நல்ல பேருங்க என்றார். வைத்துவிட்டோம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட ரூம் சின்னதாக இருந்தது. துணி துவைத்தேன். காயப்போட்ட கொடியில் இடமில்லாமல் பக்கத்து ரூம் பையன் தன்னுடைய துணியை ஒதுக்கிக் கொடுத்தான். அவனுக்கு நன்றி சொன்னதுதான் அன்றைக்கு நான் நேரில் பேசிய ஒரே பேச்சு.

தீபாவளிக்கு மறுநாள், மனசு கேட்காமல், அந்த அக்காவை நான் ஒரு தடவை கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம், பாத்திரங்களின் சத்தம், ஒரு ஆண் குரல். பெண்கள் இரண்டு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

“அம்மிணியா? நல்லா இருக்கறயா கண்ணு? தம்பி இங்கதான் இருக்கறான். அடுப்புல கறி கெடக்குது, புள்ளைக கத்துதுக. ரெண்டு நாள்ல நானே உன்னக் கூப்புடறேன், என்ன?”

“சரிங்க்கா” என்றேன்.

சொன்ன மாதிரியே கூப்பிட்டார். ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் அப்போது ஆபீஸ் லைனில், அவிநாசிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் வேறு யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தேன். எடுக்க முடியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் மிஸ்டு காலைப் பார்த்தேன். திரும்பக் கூப்பிட்டால் என்ன பேசுவது என்று யோசித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது காணாமல் போன ஒரு ஆள். அவர் இப்போது அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பஸ் மண்ணரையில் நின்றது. இறங்கி நடந்தேன்.

இன்னும் அதே ஆபீஸில்தான் இருக்கிறேன். பையில் வைக்கிற அந்தத் தாளை மட்டும் வாங்க மறுத்துவிட்டேன். மேனேஜர் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். அந்த நம்பரை என் போனில் ‘பல்லடம் அக்கா’ என்று போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் அக்கா என்று நான் கூப்பிட வேறு யாரும் இல்லை.